மணலில் இறங்கும் வண்டிக்கு ஆறு பார் ஐஸ்

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. மூலக்குளத்தில் எங்கள் தெருமுனையில் பிக்கப் வண்டியை நிறுத்தி மீன் விற்கும் பச்சையம்மாள், எனக்கு அரைக் கிலோ சங்கராவைச் செதில் சுரண்டிக்கொண்டே சொன்னது. மீன் அன்றைக்கே குழம்பாகித் தீர்ந்துவிட்டது. கதை மட்டும் மூன்று மாதமாக என் மேசையில் கிடக்கிறது.

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். அவர் கத்தியை நிறுத்தினார்.

"எழுதிக்குங்க டீச்சர், எனக்கென்னா. ஆனா ஒண்ணே ஒண்ணு. எங்க வூட்டுக்காரர யாரும் தூக்கற மாதிரி மட்டும் எழுதிடாதீங்க. அந்த மனுசன் தாங்க மாட்டாரு."

"சரி பச்சையம்மா, எழுதல."

"மீனு மேல சத்தியமா?"

"மீன் மேல சத்தியமா."

அவசரப்பட்டுவிட்டேன். அப்போது அவர் பாதிக் கதைதான் சொல்லியிருந்தார். மீதிப் பாதி அடுத்த வாரம் கவலை மீனோடு வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் என்ன சத்தியம் செய்து வைத்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

(இன்னொன்று. நேரில் பச்சையம்மாளை 'அவர்' என்றுதான் சொல்லுவேன். கதைக்குள் போனதும் 'அவள்' ஆகிவிடுகிறாள். கிட்டத்தில் நின்று பார்த்தால் அப்படித்தான் வருகிறது. அவள் கண் வழியாகப் பார்ப்பதால் வீட்டுக்காரர் மட்டும் 'அவர்' ஆகவே இருப்பார். இதற்கெல்லாம் யாரும் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.)

2

தொடக்கம் மூன்று எழுதினேன். ஒளிப்பானேன், மூன்றையும் காட்டுகிறேன்.

ஒன்று: "வங்கக் கடலின் காற்று பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவர்களைத் தடவி, காகிதப்பூக்களை—"

அடித்துவிட்டேன். புதுச்சேரி என்றாலே எல்லோரும் அந்தச் சுவரைத்தான் கேட்கிறார்கள். பச்சையம்மாள் அந்தப் பக்கம் மீன் விற்பதில்லை. வண்டி நிறுத்த விடமாட்டார்களாம்.

இரண்டு: "அது ஒரு இரண்டு சக்கர வண்டி—"

இதையும் அடிக்க வேண்டியதாயிற்று. படித்துக்காட்டியபோது என் வீட்டில் "ஸ்கூட்டரா?" என்று கேட்டார்கள். ஐயா, வண்டிக்கு நாலு சக்கரம் உண்டு. ஆனால் இஞ்சின் இழுப்பது பின்சக்கரம் இரண்டை மட்டும்தான். முன்சக்கரம் இரண்டும் சும்மா கூட உருளும். வீட்டில் வேலை செய்கிற இரண்டு பேரும், கூடவே நடமாடுகிற இரண்டு பேரும் இருப்பதில்லையா, அப்படி. நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்புகள் வேறு சாதி. அவை மணலிலும் பள்ளத்திலும் விளையாடும். பச்சையம்மாளுடையது ரோட்டுக்குப் பிறந்த வண்டி.

மூன்று: "தெய்வசிகாமணி கடலைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடல் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது."

இது இருக்கட்டும். தெய்வசிகாமணிதான் பச்சையம்மாளின் வீட்டுக்காரர்.

3

தெய்வசிகாமணி கடலைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடல் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது.

அவர்கள் கடலோர ஊரான கனகசெட்டிக்குளத்தில் ஒரு காலை, கரையேறும்போது படகு (போட்டு என்றுதான் அங்கே சொல்வார்கள்) அலையில் புரண்டு, அதன் விளிம்பு அவர் இடுப்பில் இறங்கியது. நாலு பேர் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு மணலில் ரோட்டுக்கு ஓடினார்கள். உயிர் தங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே மட்டும் அதற்குப் பிறகு சொன்ன பேச்சு கேட்கவில்லை. கைகள் பழையபடி இரும்புதான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து வாசலுக்கும் கையை ஊன்றியே போய்விடுவார். அதற்கு மேல் போக மாட்டார்.

அன்று தூக்கிக்கொண்டு ஓடியபோது கரையிலிருந்த பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அதை அவர் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டே போனார்.

"நாலு பேரு தூக்கறது ஒரு வாட்டிதான் நடக்கணும் பச்ச. எனக்கு முன்கூட்டியே நடந்துருச்சி. இனிமே என்னை ஒருத்தனும் தூக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

கடற்கரைக்குக் கூட்டிப் போகிறோம் என்று நாற்காலியோடு வந்தவர்களைப் பார்த்துக் கதவைச் சாத்தினார். ரோடு முடியும் இடத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் முந்நூறு தப்படி மணல். சக்கர நாற்காலி அதில் பத்தடி போகாது. கடைசியில் யாராவது தூக்கத்தான் வேண்டியிருக்கும். அதனால் அவர் கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கடல் சத்தத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார்.

அதுவரை கூடையில் மீன் விற்ற பச்சையம்மாள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள், வியாபாரம் முழுவதையும் எடுத்துக்கொண்டாள். அவர்களுடைய போட்டை அவர் தம்பி மண்ணாங்கட்டி ஓட்டினான்.

போன சித்திரையில், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய சமயம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"தடக்காலம் முடிஞ்சி மொத நாளு நம்ம போட்டு எத்தினி மணிக்குக் கரையேறும்?"

இரண்டு வருஷத்தில் போட்டைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. பச்சையம்மாள் ஊற்றிய குழம்பு தட்டைத் தாண்டித் தரையில் சிந்திவிட்டது.

"நேர்ல வந்து பாரேன்யா" என்றாள்.

"எப்புடி?"

"வண்டியிலயே குந்திக்கினு வா. தண்ணிகிட்ட கொண்டாந்து நிறுத்தறேன். நீ எறங்கவே வேணாம்."

"மணல்ல மாட்டிக்கினா?"

"மாட்டாது."

"மாட்டினா என்னை எறக்கறதுக்கு நாலு பேரு வருவான்" என்றார். "ஒரு வாட்டி வரேன் பச்ச. மாட்டிக்கினா அதுக்கப்புறம் ஜென்மத்துக்கும் என்னைக் கூப்புடாத. வாசப்படி தாண்ட மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான், அந்த மனிதர். பச்சையம்மாள் கையில் இருந்தது ஒரே ஒரு தடவை. இரண்டு மாத அவகாசம், ரோட்டுக்குப் பிறந்த வண்டி.

4

காலாப்பட்டுப் பக்கம் கொளஞ்சி என்றொரு மெக்கானிக். சனி ஞாயிறுகளில் செம்மண் பள்ளங்களில் ஜீப் இறக்கி விளையாட வருகிற பையன்களுக்கு வண்டி தயார் செய்து பழகியவன். பிக்கப்பைச் சுற்றி வந்து பார்த்தான்.

"அக்கா, இதுல ரெண்டு சக்கரந்தான் இழுக்கும். அதுலயும் ஒண்ணு மணல்ல வழுக்கினா, இஞ்சின் பூரா பலத்தையும் வழுக்கற சக்கரத்துக்கே குடுத்துட்டு, நல்லா நிக்கிற சக்கரத்த சும்மா வுட்டுடும்."

"ஏன்டா அப்படி?"

"அத அப்படித்தான் செஞ்சிருக்கான்."

"நல்லா செஞ்சான் போ" என்றாள் பச்சையம்மாள்.

கட்டை கட்டையாகப் புடைத்த பட்டன் டயர் இரண்டைப் பின்னால் மாட்டினான். அடுத்து வண்டியை உயர்த்த வேண்டும் என்றான். பின்சக்கரத்தைத் தாங்குகிற வில்பட்டையில் ஒரு பட்டை கூட்டி, முன்னாலும் ஏற்றினால் நாலு விரற்கடை எழும்பும், மணல் அடியில் இடிக்காது. ஜீப்பு பையன்கள் எல்லோரும் முதலில் செய்துகொள்வது அதுதானாம்.

பச்சையம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து வண்டிக் கதவோரம் போட்டாள். அதில் தானே உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, கையை மட்டும் ஊன்றி சீட்டுக்கு ஏறிப் பார்த்தாள். மூன்றாவது தடவைதான் முடிந்தது. எழுந்து சேலையை உதறிக்கொண்டு வந்தாள்.

"ஒசத்தாத கொளஞ்சி. நாலு வெரக்கட ஒசந்தா அவரு ஏற முடியாது."

"ஒசத்தலன்னா மாட்டும்க்கா."

"ஒசத்தினா வரவே மாட்டாரு. வேற வழி பாரு."

(இந்த இடத்துக்காகத்தான் நான் இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். மணலில் இறங்க வண்டி உயர வேண்டும், அவர் ஏற வண்டி தாழ வேண்டும். இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இருக்காது என்று நினைக்கிறேன். நான் தேடவில்லை.)

வேறு வழி பார்த்தார்கள். வண்டியை உயர்த்துவதற்குப் பதில், அடியில் தொங்குவதையெல்லாம் மேலே ஏற்றினார்கள். ஸ்டெப்னி டயர் பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டிக்குள் போயிற்று. சேறு தடுக்கும் ரப்பரை அறுத்தெறிந்தான். இஞ்சினுக்கு அடியில் வளைந்த இரும்புத் தகடு ஒன்றைப் பற்றவைத்தான், மணலில் இடித்தாலும் படகு மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் என்றான். கதவுக்கு மேலே உள்பக்கம் பிடித்துத் தொங்க ஒரு கம்பி. அது அவள் கேட்காமலே கொளஞ்சி வைத்தது.

பிறகு காற்று. பச்சையம்மாள் அதுவரை பங்க்சர் கடையில் "புல்லா அடிப்பா" என்று மட்டும் சொல்லிப் பழகியவள். கொளஞ்சி நாற்பது பாயிண்டிலிருந்த டயரைப் பதினைந்துக்கு இறக்கிக் காட்டினான்.

"காத்து ரொம்பின டயரு மணல வெட்டும்க்கா. எறங்கின டயரு மணல் மேல படுத்துக்கும்."

காற்று 'உஸ்' என்று போகப்போக அவள் கை தானாக அதை மூடப் போயிற்று. நல்ல பொருளை வீணாகக் கொட்டுகிற மாதிரி இருந்ததாம்.

வழியைப் பார்த்துவைப்பதற்கு அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. நிறைந்த மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மத்தியான வெயிலில் ரோட்டிலிருந்து தண்ணீர் வரை நடந்தாள். கணுக்கால் புதைந்த இடத்திலெல்லாம் ஒரு சவுக்குக் குச்சி நட்டாள். குச்சி இல்லாத இடம்தான் பாதை. ஆளில்லாத நேரம் பார்த்து மூன்று நாள் ஓட்டிப் பழகினாள். இரண்டு தடவை மாட்டி, மண்வெட்டியால் தானே தோண்டி எடுத்துக்கொண்டு வந்தாள். இதைக் கொளஞ்சிக்குக்கூடச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னார், நான் உங்களிடம் போட்டு உடைக்கிறேன்.

கடைசியாக எடை. சரக்கில்லாத பிக்கப்புக்குப் பின்புறம் லேசு. இழுக்கிற சக்கரத்தின் மேல் பாரம் இல்லையென்றால் பட்டன் டயரும் சும்மா சுழலும்.

"ஆறு மூட்டை மண்ணு போட்டுக்குங்க" என்றான் கொளஞ்சி.

"கடக்கரைக்கு மண்ணு ஏத்திக்கினு போறதா? ஊரே சிரிக்கும்டா. ஐஸு ஏத்திக்கிறேன். எப்படியும் மீனுக்கு வேணும்."

ஆறு பார் ஐஸ். ஒரு பார் என்பது நீளமான ஒரு ஐஸ் கட்டி, ஐம்பது கிலோ. கணக்குச் சரியாக இருந்தது.

5

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். எனக்குக் கொளஞ்சி மேல் சந்தேகம் வந்துவிட்டது.

எழுதியதைத் திருப்பிப் படித்தால், கேட்டதும் செய்கிறான், கேட்காததையும் செய்கிறான், அதட்டவில்லை, அலைய விடவில்லை. இப்படி ஒரு மெக்கானிக்கை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அவனைப் பாதி வில்லனாக மாற்றலாமா என்று பச்சையம்மாளிடமே கேட்டேன்.

"அவனா? நாளைக்கி வாக்கா, நாளைக்கி வாக்கான்னு பதினோரு நாளு இழுத்தடிச்சான் டீச்சர். கம்பி வெக்கிற அன்னைக்கி அவன் கடையில நின்னு நான் கத்தின கத்துல ஈசியாரு ரோட்டுல போற பஸ்ஸே நின்னுபோச்சி."

அப்பாடா. மேலே நான்காம் பகுதியில் எங்கெல்லாம் 'பிறகு' என்று வருகிறதோ அங்கெல்லாம் இரண்டு மூன்று நாட்களைச் செருகிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஐஸ். 'உருகிவிடுமே!' என்று இந்நேரம் நீங்கள் மனசுக்குள் கூவியிருப்பீர்கள். வாசகரே, இருபது வருஷம் மீன் விற்றவளுக்கு ஐஸ் உருகும் என்று நீங்களும் நானும் சொல்லித் தர வேண்டுமா? உமியைக் கொட்டி, நனைந்த சாக்கை நாலு மடிப்பாகப் போர்த்தி, மத்தியானம் வரை தாங்குகிற மாதிரிதான் அடுக்கியிருந்தாள். தப்பு அங்கே நடக்கவில்லை. கரைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேறொரு தப்பு நடந்தது.

6

தடை முடிந்து போட்டுகள் கரையேறும் முதல் காலை. தெய்வசிகாமணி முகம் மழித்து, பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். வாசலில் நாற்காலியை வண்டியோரம் நகர்த்தி, கம்பியைப் பிடித்து, ஒரே எம்பு. சீட்டில் இருந்தார். பச்சையம்மாள் பார்க்காதவள் போலக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ரோடு முடிகிற இடத்தில் இறங்கி நாலு டயரிலும் காற்றை இறக்கினாள்.

"இன்னும் ரெண்டு பாயிண்ட் எறக்கு" என்றார் அவர், எல்லாம் தெரிந்தவர் மாதிரி.

"நீ சும்மா குந்துய்யா."

இரண்டாவது கியர். நிறுத்தக் கூடாது, வேகம் கூட்டக் கூடாது, ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்கக் கூடாது. குச்சி இல்லாத பாதையில் வண்டி இறங்கியது. பின்னால் முந்நூறு கிலோ ஐஸ் அழுத்த, சக்கரம் மணல் மேல் படுத்துப் படுத்துப் போயிற்று. அந்த முந்நூறு தப்படியும் அவள் நெஞ்சு எப்படி அடித்ததென்றால்—

(மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. பச்சையம்மாள் சொன்னதையே வைத்துக்கொள்வோம்: "பிரசவத்துல கூட அப்படி இல்ல டீச்சர்.")

"வுடாத, வுடாத, அப்படியே போ" என்று அவர் டாஷ்போர்டில் தட்டிக்கொண்டே வந்தார். ஈர மணலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

அவர் ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டார். பிறகு கதவைத் திறக்கச் சொல்லி, கையால் கால்கள் இரண்டையும் எடுத்து வெளியே தொங்கப்போட்டுக்கொண்டார். அலை அங்கே வரவில்லை. பச்சையம்மாள் ஒரு மக்கில் கடல் தண்ணீரை மொண்டு வந்து அவர் பாதத்தில் ஊற்றினாள்.

"தெரியுதா?"

"தெரியல" என்றார். "ஆனா சில்லுனு இருக்கும்னு தெரியும். இன்னொரு மக்கு ஊத்து."

7

போட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. கரையேற்றும் போதெல்லாம் அவர்களிடம் ஒரு முறை உண்டு. பக்கத்துக்கு மூன்று பேராக ஆறு பேர் தோள் கொடுக்க, ஒருவர் மட்டும் போட்டுக்குள்ளேயே நின்று பேர் கூப்பிடுவார். பேர் கேட்டவன் 'ஓய்' என்று குரல் கொடுத்துக் கையை வைக்க வேண்டும். ஆறாவது 'ஓய்' விழுந்ததும் எல்லோரும் ஒரே மூச்சில் தூக்குவார்கள். இருபது வருஷம் சொந்தப் போட்டில் பேர் கூப்பிட்டவர் தெய்வசிகாமணிதான். சீட்டில் உட்கார்ந்தபடி மற்றவர்கள் கூப்பிடுவதைக் கேட்டு, "அவசரப்படறான் பாரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்தவர்கள் எல்லோரும் வண்டியோரம் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். காலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மீனைப் பற்றிப் பேசினார்கள். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

அன்று பார்த்து ஐஸ் கம்பெனி வண்டி வரவில்லை. கரண்ட் போய்விட்டதாம். முதல் நாள் மீன், சுள்ளென்று வெயில். மீன் வாங்கி விற்கிற கமலவேணி கூடையோடு வந்தாள்.

"பச்சையம்மா, ரெண்டு கை ஐஸு குடுடி. நெத்திலி பூரா நாறிப்பூடும்."

பச்சையம்மாள் ஒரு நொடி தயங்கினாள். அவளுக்குத் தெரியும், அது ஐஸ் அல்ல, வண்டியின் பின்சக்கரம். ஆனால் கரையில் ஐஸ் கேட்டால் இல்லை என்கிற பேச்சே கிடையாது. இன்று நீ கொடுத்தால் நாளை நான். மீன் யாருக்காகவும் காத்திருக்காது.

"என்னா பச்ச யோசிக்கிற, குடு" என்றார் தெய்வசிகாமணி சீட்டிலிருந்து. இரண்டு வருஷம் கழித்துக் கரைக்கு வந்த வீட்டுக்காரர், கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கச் சொல்கிற சந்தோஷத்தில் இருந்தார்.

கொடுத்தாள். அடுத்து அவளைப் போலவே கூடையோடு அன்னக்கிளி வந்தாள். அப்புறம் பெயர் தெரியாத பத்துப் பேர். ஐஸ் மீனோடு கூடையேறி, தலையேறி, ரோட்டுக்குப் போயிற்று. பச்சையம்மாள் வீட்டுப் போட்டு கடைசியாக வந்தது. தூரத்தில் அதன் நீலப் பட்டையைப் பார்த்ததும் அவர் அழுதுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. பச்சையம்மாளும் அழுதாள். தொட்டியில் அரை பார் ஐஸ் மிச்சமிருந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை.

8

போட்டு மீனைக் கரையிலேயே விற்றாயிற்று; பின்புறம் லேசாகிப்போன வண்டி திரும்பும்போது எண்பது தப்படியில் மாட்டியது.

பின்சக்கரம் ஒன்று கிர்ரென்று சுழன்றது, மற்றது சும்மா நின்றது. வழுக்குகிற சக்கரத்தை அடக்க, கொளஞ்சி சொல்லிக்கொடுத்தபடி கைபிரேக்கைப் பாதி இழுத்துப் பார்த்தாள். சக்கரத்தின் கீழே தென்னை மட்டை திணித்தாள், சக்கரம் அதைப் பின்னால் வீசி எறிந்தது. அச்சு போய் மணலில் உட்கார்ந்துவிட்டது.

இனி என்ன செய்வது? எனக்கும்தான் தெரியவில்லை. முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: பச்சையம்மாள் ஐஸைக் கொடுக்கவில்லை. வண்டி ஜம்மென்று ரோடு ஏறியது. எழுதுகிறவளுக்கு இது ஒரு வரி வேலை. ஆனால் கமலவேணியின் நெத்திலி நாறியிருக்கும், தெய்வசிகாமணி மூஞ்சி கடுகடுத்திருக்கும். புருஷனும் பெண்டாட்டியும் கேட்டவருக்குக் கொடுக்காமல் போகிறவர்கள் இல்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: எங்கிருந்தோ ஒரு டிராக்டர் வந்து—

வெட்கமாயிருக்கிறது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது: மண்ணாங்கட்டி ஓடி வந்து, "அண்ணே, அடம் புடிக்காத" என்று அவரை அப்படியே அள்ளி—

கை வரவில்லை. மீன் மேல் சத்தியம் செய்திருக்கிறேன். அதற்கு மேலும் ஒன்று உண்டு. இந்த மூன்று மாதத்தில் அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

9

அன்று நடந்தது இதுதான்.

கரையில் அப்போது ஆள் குறைந்துவிட்டது. மண்ணாங்கட்டியும் அவனோடு போட்டில் போகிற விமல்ராஜும் வந்து நின்றார்கள். கூடையை இறக்கிவிட்டுத் திரும்பிய கமலவேணியும் அன்னக்கிளியும் வந்தார்கள். தான் செய்த வேலை எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்த கொளஞ்சி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். ஐந்து பேர். ஒருவரும் வண்டியைத் தொடவில்லை. அவர் சொல்லியிருந்தது ஊருக்கே தெரியும்.

மண்ணாங்கட்டி மெதுவாக ஜன்னலருகே வந்தான். "அண்ணே, நீ ஒரு நிமிசம் எறங்கினா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

பச்சையம்மாள் ஸ்டியரிங்கில் நெற்றியைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"தப்பு பண்ணிட்டேன்யா. ஐஸக் குடுத்துட்டேன்."

"நான்தானடி குடுக்கச் சொன்னேன்."

"இனிமே வர மாட்ட இல்ல?"

அவர் பக்கக் கண்ணாடியில் பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த கைகளைப் பார்த்தார். பிறகு கொளஞ்சி வைத்த கம்பியைப் பிடித்துத் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.

"டேய் மண்ணாங்கட்டி, என்னாடா மரமாட்டம் நிக்கிற? போட்டத் தூக்கும்போது பேரு கூப்புடறவன் எறங்குவானா?"

"எறங்க மாட்டாண்ணே."

"அப்புறம் என்னா? ரெண்டு பக்கமும் மட்டையப் போடு. பின்னாடி தூக்கி ஒரு முழம் தள்ளி மட்டை மேல வையி."

பச்சையம்மாள் நிமிர்ந்தாள். "யோவ், நீ உள்ள இருக்கும்போதேவா? உன்னையும்தான்யா தூக்கறாங்க."

"யாருடி என்னைத் தூக்கறது?" என்றார் தெய்வசிகாமணி. "நான் தூக்க வெக்கிறேன்."

இந்த இடத்தைப் பச்சையம்மாளிடம் வாசித்துக்காட்டினேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சத்தியம் தப்பவில்லையே என்று கேட்டேன். "தப்பல டீச்சர். அவரு சொல்றதுதான் சரி" என்றார்.

ஆனால் ஒரு கணக்கு எனக்கு உதைத்தது. வலப்பக்கம் மண்ணாங்கட்டி, விமல்ராஜ், கமலவேணி. இடப்பக்கம் கொளஞ்சி, அன்னக்கிளி. பக்கத்துக்கு மூன்று பேர் வேண்டும். இடப்பக்கம் ஒரு ஆள் குறைகிறது. அவர் உட்கார்ந்திருப்பதும் இடப்பக்கம். இப்படியே தூக்கினால் வண்டி அவர் பக்கமாகவே சாயும்.

"ஆறாவதா யாரு இருந்தாங்க?"

"யாரோ டீச்சர். கரையோரமா நடந்து வந்தவங்க. நான் எங்க திரும்பிப் பாத்தேன்? கண்ணாடியில ரெண்டு கைதான் தெரிஞ்சிது. பேரு கேக்கறதுக்குள்ள போயிட்டாங்க."

இரண்டு கை. இதை வைத்துக்கொண்டு நான் ஒரு பாத்திரத்தை உண்டாக்க முடியாதா என்ன? முடியும். சொந்தக்காரன், பகையாளி, ஊர் சுற்ற வந்த வெளியூர்க்காரி, யாரை வேண்டுமானாலும் கொண்டுவந்து நிறுத்தலாம். நிறுத்தப் போவதில்லை. அன்று வந்தவர் யாரென்று தெரியாமலேதான் தெய்வசிகாமணி கூப்பிட்டார். தெரியாத ஆளை நம்பித்தான் அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். அதை நான் கெடுக்க மாட்டேன்.

வெயில் ஏறிவிட்டது. மட்டை போட்டாயிற்று. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வருஷமாக வெளியே வராத குரலை எடுக்கிறார்.

"மண்ணாங்கட்டி!"

"ஓய்!"

"விமலு!"

"ஓய்!"

"கமலவேணி! ஐஸு வாங்கினேல்ல, வையி கைய!"

"ஓய்!"

"கொளஞ்சி! பதினோரு நாளு இழுத்தடிச்சவனே!"

"ஓய்ண்ணே!"

"அன்னக்கிளி!"

"ஓய்!"

கொஞ்சம் நிறுத்துகிறார். ஜன்னலுக்கு வெளியே இன்னும் எட்டி, பின்னால் பார்க்கிறார்.

"அங்க நின்னு பாத்துக்கினு இருக்கற ஆளே! உங்களத்தான். பேரு தெரியலன்னா என்னா, கை இருக்குதில்ல? வாங்க. அன்னக்கிளி பக்கத்துல புடிங்க."

வாசகரே, உங்கள் பேர் எனக்கும் தெரியாது. அதை நீங்களே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். பச்சையம்மாள் முதல் கியரைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.